மண்டபத்தில் நாடகம் போடும் முன் கரண்டைப் பாருங்க
1999-ல் சரஸ்வதி சம்மான் இலக்கிய விருது வாங்கிய இந்திரா பார்த்தசாரதியின் 'இராமானுஜர்' மாதிரி நாடகங்களை வேலூர் கல்யாண மண்டபங்களிலேயே போடலாம் என்கிறது ஒரு கட்டுரை. போடலாம்தான், ஆனால் கரண்டு? மேடைக்குப் போடும் 1000 வாட்ஸ் பார் (PAR) லைட் 12 எரிந்தால் சுமார் 52 ஆம்பியர் இழுக்கும். எல்லாம் ஒரே ஃபேஸில் என்றால் முதல் காட்சியிலேயே ஃபியூஸ் போகும். மூணு ஃபேஸிலும் ஃபேஸுக்கு நாலு லைட்டாகப் பிரிங்க, இல்லை எல்ஈடிக்கு மாறுங்க.

அதைவிடப் பெரிய தொல்லை எதிரொலி. டைல்ஸ் சுவரில் மோதி வசனம் குழம்பும்; சவுண்டைக் கூட்டினால் இன்னும் மோசம். எதிர்ச்சுவரில் கனமான ஜமுக்காளங்களை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, சவுண்டைக் குறைக்கணும். கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, அதன் கடகட சத்தம் வேறு. மார்கழி, தை ராத்திரியில் வைங்க.