கொக்கும் கொக்கும் ஒன்றில்லையாம்

எதிர்பார்த்தது: கொக்கு
வந்தது: கொக்கு
முடிவு: தோல்வி

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் டெர்மினல் இதை என்னிடம் சொல்கிறது. அதுவும் சிவப்பு எழுத்தில். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தேன். மேலே கொக்கு. கீழே கொக்கு. இதில் எந்தக் கொக்கை உனக்குப் பிடிக்கவில்லை?

நான் சொந்தமாக ஒரு நிரல்மொழி செய்துகொண்டிருக்கிறேன். அந்த மொழி நிரல்களைப் படித்து ஓட்டுகிற இன்டர்பிரெட்டரைத் தொடவே இல்லை ஐயா. சோதனை நிரல்களை ஓட்டி, வந்த பதிலை எதிர்பார்த்த பதிலோடு ஒப்பிடுகிற டெஸ்ட் ரன்னரில் ஒரே ஒரு வரி மாற்றினேன். என்ன வரி என்று அப்புறம் சொல்கிறேன், வயிற்றெரிச்சலின் உச்சமே அதுதான்.

முதலில் நீங்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். திரும்ப ஓட்டினேன். கம்ப்யூட்டருக்கு மனசு மாறிவிடுமாம். மாறவில்லை. மூன்றாவது தடவையும் ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, நல்லவேளை வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

அடுத்த சந்தேகம், வரிக்கடைசியில் ஒளிந்திருக்கும் ஸ்பேஸ். இன்டர்பிரெட்டருக்கு டெஸ்ட் எழுதுகிறவன் ஆயுசில் பாதி இந்த ஸ்பேஸைத் தேடித்தான் போகிறது. மவுஸை வைத்து இழுத்துப் பார்த்தேன், இல்லை. சரி, விண்டோஸ் வரிமுடிவாக இருக்கும். அவன் இரண்டு எழுத்து போடுவான், லினக்ஸ்காரன் ஒன்றோடு நிறுத்துவான். அந்தப் பஞ்சாயத்தைப் போன மாதமே முடித்துவிட்டேன், அதிலும் குற்றமில்லை. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் குந்தியிருக்கும் பைட் ஆர்டர் மார்க் என்ற குறி? அதுவும் இல்லை. கடைசியில், நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கிற என் லெக்சரையே சந்தேகப்பட்டேன். நான் பெற்ற பிள்ளை, பாவம். ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக் கோவையை, படிக்கிற இடத்தில் ஆரம்பித்து அச்சிடுகிற இடம் வரைக்கும் ஏழு பிரின்ட் போட்டேன். ஏழிலும் கொக்கு. டெர்மினல் வேடந்தாங்கல் மாதிரி ஆகிவிட்டது.

அந்த டெஸ்ட் ஒன்றும் பிரமாதமான டெஸ்ட் இல்லை. பறவைப் பெயர்களை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும், அவ்வளவுதான். காகம் பாஸ். கிளி பாஸ். மயில், மைனா எல்லாம் பாஸ். கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்று என்னை முறைக்கிறது.

பன்னிரண்டு மணிக்குத்தான் புத்தி வந்தது. இரண்டு கொக்கையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சிட்டேன்.

2965, 3018, 2965, 3021, 2965, 3009
2965, 3014, 3006, 2965, 3021, 2965, 3009

பார்த்தீர்களா அக்கிரமத்தை? ஒரு கொக்குக்கு ஆறு, இன்னொரு கொக்குக்கு ஏழு. ஒகரக் குறியை, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், அது 3018. ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமம்தான் என்று யூனிகோடின் விதியே சொல்கிறது. ஃபான்ட்டும் நல்ல பிள்ளையாக இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து காட்டுகிறது. என் இன்டர்பிரெட்டர் ஓடுவது பைத்தான் மொழியின் மேல். அது மட்டும்தான் எண்ணை எண்ணி, ஆறும் ஏழும் எப்படிடா சமம் என்று கேட்கிறது. பட்டியலில் ஒகரம் இருந்த ஒரே பறவை இதுதான், மாட்டிக்கொண்டது.

நிரலைத் தட்டச்சு செய்தது நான். விடைக் கோப்பை அனுப்பியது எனக்கு உதவி செய்கிற தம்பி. போன் போட்டேன். அந்த நேரத்திலும் எடுத்தான், தூங்கவே மாட்டான் போல.

"டேய், அந்தக் கொக்கு எங்கிருந்துடா வந்துச்சு?"

"எந்தக் கொக்குண்ணே?"

"பறவை டெஸ்ட்ல இருக்கே, அது."

"அதுவாண்ணே? தாத்தா டைப் பண்ணி வெச்சிருந்த வேர்ட் ஃபைல்ல இருந்து எடுத்தேன். பழைய ஃபான்ட்டுண்ணே. கன்வர்ட்டர்ல போட்டேன், அழகா வந்துச்சு."

அழகாக வந்ததாம்! பழைய ஃபான்ட்டில் கொம்பும் காலும் தனித்தனிச் சாவிகள். கன்வர்ட்டர் கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் போட்டது, காலை அதன் பக்கத்திலேயே நிற்க வைத்தது, இரண்டையும் ஒட்ட வைக்கிற வேலையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. தாத்தாவைக் கோபித்துக்கொள்ள முடியுமா? தம்பியை? "ஏண்ணே, தப்பா?" என்று கேட்கிறான். இல்லைடா தங்கம், தூங்கு என்று வைத்துவிட்டேன்.

சரி, ஒப்பிடும் முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது என்பீர்கள். எங்கே கொண்டுவருவது? ரன்னரிலா? அது நோயாளியை விட்டுவிட்டு தெர்மாமீட்டரைச் சரிசெய்கிற வைத்தியம். நாளைக்கு ஒருவன் மேலே ஒரு கொக்கை மாறியாக (மதிப்பை வைக்கிற பெயராக) அறிவித்து, கீழே இன்னொரு கொக்கைக் கூப்பிடுவான். என் இன்டர்பிரெட்டர் "கொக்கு என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லும், அவன் கொக்கை அறிவித்த வரியையே வெறித்துக்கொண்டிருப்பான். பைத்தான் மாறிப் பெயர்களுக்கு மட்டும் இந்த ஒருமைப்படுத்தலைச் செய்துவிடுகிறது, ஸ்ட்ரிங்கைத் தொடுவதில்லை. ஸ்விஃப்ட் மொழியில் ஸ்ட்ரிங் ஒப்பீடே இரண்டையும் சமம் என்று சொல்லிவிடும். நான் என்ன செய்ய வேண்டும்? ஒரு டெஸ்ட்டைப் பச்சையாக்க உட்கார்ந்தவன் நடுராத்திரியில் ஒரு மொழியின் அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

நீளம் பார்க்கிற டெஸ்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொக்கு எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், கொ, க், கு என்று விரல் விட்டு மூன்று என்று சொல்லும். ஸ்விஃப்டும் 3 என்கிறது. பைத்தான் 6 என்கிறது. கோ மொழி பைட்டை எண்ணி 18 என்கிறது. தாத்தாவின் கொக்கைக் கொடுத்தால் பைத்தான் 7, கோ 21. என் விடைக் கோப்பில் என்ன இருந்தது தெரியுமா? 6. ஏன் ஆறு? யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதிய ஆறு இல்லை அது. நிரலை ஓட்டினேன், 6 என்று வந்தது, அதையே விடையாகச் சேமித்தேன்.

இங்கேதான் என் அசிங்கம் எல்லாம் வெளியே வருகிறது. என் ரன்னரில் "புதுப்பி" என்று ஒரு வசதி உண்டு. பிழைச்செய்தியில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினால் அறுபது டெஸ்ட் விழும், ஒவ்வொன்றாக யார் திருத்துவது? புதுப்பி என்று ஒரு தட்டு தட்டினால் இன்று என்ன வருகிறதோ அதுவே நாளைய சரியான விடை. பையனே பரீட்சை எழுதி, பையனே விடைக்குறிப்பும் தயாரித்து, பையனே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிற பள்ளிக்கூடம். மைனஸ் ஏழை இரண்டால் முழு எண்ணாக வகுத்தால் எவ்வளவு? எண்களை நேராக எழுதினால் என் மொழியில் -4. மாறியில் வைத்து வகுத்தால் -3. நேராக எழுதிய எண்களை, நிரலின் அமைப்பைப் பிரித்துப் பார்க்கிற பார்சர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது, அது பைத்தானின் // என்ற இரட்டைக் கோட்டு வகுத்தல், பின்னம் வந்தால் கீழ்ப்பக்கம் இறக்கும். ஓடும்போது வருகிற கணக்கை வேறொரு நாள், வேறொரு மூடில் எழுதியிருக்கிறேன், அது பின்னத்தை வெட்டிப் போட்டுவிடும். -4க்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. -3க்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. இரண்டும் நான்கு மாதமாகப் பாஸ்!

இதில் கொடுமை, கஷ்டமான டெஸ்ட் எல்லாம் அல்வா மாதிரி இறங்கியது. 1964இல் டொனால்ட் நூத் அல்கால் 60 என்ற மொழியின் கம்பைலர்களுக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) ஒரு சோதனை வைத்தார். நீ ஆம்பளையா பொடியனா என்று பார்க்கிற சோதனை, பெயரே அதுதான். ஒரு செயற்கூறு தனக்குள்ளே இன்னொன்றைப் பெற்று, அது தன் அம்மாவையே திரும்பக் கூப்பிட்டு, யார் யாருடைய மாறியைத் தொடுகிறார்கள் என்று மனுசன் மூளையால் தொடர முடியாத சிக்கல். பத்து கொடுத்தால் -67 வர வேண்டும். என் இன்டர்பிரெட்டர் முதல் ஓட்டத்திலேயே -67 என்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். ஆம்பளைதான், ஆனால் கொக்கைப் பார்த்தால் மயங்கி விழுகிறான்.

சரி, அந்த ஒரு வரி. கொக்கு நான்கு மாதமாக ஏன் விழவில்லை? ரன்னர் ஒவ்வொரு நிரலுக்கும் "விடை" என்ற ஃபோல்டரில் பதிலைத் தேடும். தம்பி அனுப்பியதெல்லாம் "விடைகள்" என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. சரி, விடைக் கோப்பே கிடைக்காவிட்டால் ரன்னர் என்ன செய்யும்? கத்த வேண்டாமா? குறைந்தபட்சம் முனக வேண்டாமா? பாஸ் போட்டுவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடுகிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: "இப்போதைக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்." எந்தப் புண்ணியவான் எழுதியது? யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிற கிட் (Git) என்ற கருவியிடம் கேட்டேன். என் பேரைச் சொன்னது. தேதியோடு.

பாஸை ஃபெயிலாக்கினேன், "விடைகள்" ஃபோல்டரையும் சேர்த்தேன். 212 டெஸ்ட்டில் 38 பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஒப்பிடப்படவே இல்லை. "212/212" என்று பச்சைப் பட்டையைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தேனே, அந்த 212இல் 38 பேர் வராமலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள். முப்பத்தெட்டையும் உண்மையாக ஓட்டியதில் இருபத்தேழு தேறியது, பதினொன்று விழுந்தது. அந்தப் பதினொன்றில் முதலில் நின்றதுதான் கொக்கு.

ரன்னருக்கே ஒரு டெஸ்ட் எழுதலாமே என்று ஒருவர் வந்து சொல்வார், எனக்குத் தெரியும். எழுதலாம் சார். அந்த டெஸ்ட்டை எதை வைத்து ஓட்டுவது என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்றரை மணிக்கு அம்மா எழுந்து வந்து, "யாரைடா கொக்கு கொக்குன்னு திட்டிக்கிட்டிருக்கே?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. சொல்லிப் புரிய வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். "ரெண்டும் ஒன்னுதானேடா, படுத்துத் தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். யூனிகோட் விதியையே அம்மா சொல்லிவிட்டார்.

தூங்கினேனா? எங்கே. காலையில் அப்பாவின் வைப்புநிதி விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம். அவர் அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பாஸ்புக்கில் பின்னால். அதே அப்பா, அதே போட்டோ, அதே கையெழுத்து, ஆளும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ஒரே ஆள்னுதான் சார் தெரியுது. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."