கடைசி பஸ் வந்ததா, வரவில்லையா?

அரசு பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்று யாராவது பதிவு போட்டால் போதும், கீழே இரண்டு யோசனைகள் தவறாமல் வந்து நிற்கும். ஒன்று, பேசாமல் தனியாருக்குக் கொடுத்துவிடலாம். இன்னொன்று, எதற்கு எட்டுப் போக்குவரத்துக் கழகம், எட்டு எம்.டி., எட்டு கார்? எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் செலவு மிச்சமாகுமே. முதல் யோசனைக்கு அப்புறம் வருகிறேன். இரண்டாவதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தச் சேர்ப்பதும் பிரிப்பதும் தமிழ்நாட்டில் ஐம்பது வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

1972-ல் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது மதுரையில் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஏ.பி.டி. என்று பெயர்பெற்ற கம்பெனிகள் இருந்தன. அவற்றின் இடத்தில் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோவைக்குச் சேரன் என்று கழகங்கள் வந்தன. அதோடு நிற்கவில்லை. கட்டபொம்மன், அண்ணா, தந்தை பெரியார், திருவள்ளுவர், ஜீவா, நேசமணி, ராணி மங்கம்மாள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. இருக்கிற கழகத்தைப் பிரிப்பார்கள், பிரித்ததற்கு ஒரு தலைவர் பெயர் வைப்பார்கள். 1997-ல் விருதுநகர்க் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரமே வந்தது. ஒரு தலித் வீரரின் பெயரை பஸ்ஸில் பார்க்கப் பொறுக்காத எதிர்ப்பு அது. அதை அடக்க வழி தெரியாமல் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் சேர்த்தே எடுத்துவிட்டது. மாவட்டங்களுக்கு வைத்த பெயர்களும் அதோடு போயின. பஸ்ஸுக்குள் திருக்குறள் பலகை மட்டும் மிஞ்சியது.

பிறகு 2000-களின் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கழகங்களை இணைத்தார்கள். 2010-ல் மதுரையிலிருந்து திருநெல்வேலியை மறுபடி தனியாக்கினார்கள். இன்று எட்டுக் கழகம், சுமார் 20,000 பஸ், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். இத்தனை சேர்க்கை, பிரிவினையில் எந்த ஊருக்காவது கூடுதலாக ஒரு நடை பஸ் வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். கர்நாடகம் 1997-லிருந்து தன் கழகத்தை நான்காகப் பிரித்தது. ஆந்திரம் 2020 ஜனவரி 1 முதல் போக்குவரத்து ஊழியர்களை அரசு ஊழியர்களாகவே ஆக்கிக்கொண்டது. அதற்குச் சில வாரம் முன்புவரை தெலங்கானாவில் அதே கோரிக்கைக்காக 52 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. மகாராஷ்டிரத்தில் 2021 கடைசியில் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் இழுத்தது, அங்கேயும் கழகத்தை அரசோடு இணை என்பதுதான் கோரிக்கை. கேரளா ஸ்விஃப்ட் என்று புதிதாக ஒரு கம்பெனி தொடங்கி 2022-ல் பஸ் விட்டது. ஒருவர் பிரிக்கிறார், ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் புதிதாகத் திறக்கிறார். லாபம் வராத தடத்தில் ஓடும் பஸ்ஸுக்கு யார், எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் பணம் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் அப்படியே கிடக்கிறது.

சரி, நஷ்டத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று இருந்தது. கொரோனா ஊரடங்கு முழுதாக ஓயாத நேரத்தில் வந்த அறிக்கை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, எண் மட்டும் நின்றுவிட்டது. அதைக் கேட்டதும் நம் மனது ஒரு கணக்குப் போடுகிறது பாருங்கள், அதுதான் தப்பு. ஓடினால் 59 ரூபாய் நஷ்டம் என்றால் நிறுத்தினால் 59 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். பஸ்ஸை நிறுத்தினாலும் டிரைவர், கண்டக்டர் சம்பளம் நிற்காது. கடனுக்கு வட்டி நிற்காது. டிப்போ வாட்ச்மேனும் கரண்ட் பில்லும் நிற்காது. உண்மையில் மிச்சமாவது டீசலும் டயர் தேய்மானமும்தான். ஆனால் அந்த டிக்கெட் பணம் மொத்தமாகப் போய்விடும். கட்டணமோ கழகத்தின் கையில் இல்லை. கடைசியாக ஏற்றியது 2018 ஜனவரியில். எதிர்ப்பு வந்ததும் பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்து, வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்று வைத்தார்கள். அன்று டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே. இன்று 90-க்கு மேல்.

கட்டணத்தை ஏற்று என்று நான் சொல்லவில்லை. ஏற்ற வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தால் அதன் விலையை அரசுதான் கழகத்துக்குக் கட்ட வேண்டும் என்கிறேன். டவுன் பஸ்ஸில் மகளிர் இலவசப் பயணத்தில் இதை ஓரளவு செய்கிறார்கள். 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்ததும் ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அது. டிக்கெட் எண்ணிக்கையை வைத்து அரசு கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. அதற்காகத்தான் கண்டக்டர் காசு வாங்காவிட்டாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். மாதம் சராசரியாக 888 ரூபாய் பெண்களுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வில் வந்தது. "ஓசி பஸ்" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், அந்த 888 ரூபாய் மாதச் செலவில் எவ்வளவு பெரிய தொகை என்பதைத் தங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தத் திட்டத்தால்தான் கழகம் குழியில் விழுந்தது என்பதும் பொய். 2017-லும் 2018 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன? எங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., எல்.ஐ.சி., கூட்டுறவுச் சங்கப் பணத்தைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறீர்களே, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அப்போது மகளிர் இலவசப் பயணமே கிடையாது. பஸ்ஸை ஓட்டியவரின் சேமிப்பில் பஸ் ஓடியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு அகவிலைப்படி உயர்வை 2015 நவம்பரோடு நிறுத்திவைத்தார்கள். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் அதைக் கேட்டுத்தான் நின்றார்கள். பணம் இல்லாதபோது முதலில் கைவைப்பது ஆட்கள் மீது, அடுத்தது பராமரிப்பு மீது. 2017 அக்டோபரில் பொறையாறு டிப்போவில் பழைய கட்டடம் இடிந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த எட்டு ஊழியர்கள் செத்துப்போனார்கள். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தன் இருக்கையோடு கழன்று ரோட்டில் விழுந்தார். மாநிலம் முழுக்க பஸ்களைச் சோதிக்கச் சொல்லி அவசர உத்தரவு போனது. சோதிக்க ஆள் இருந்ததா, மாற்ற போல்ட் இருந்ததா என்பது டிப்போ மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

இனி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. எந்த ஊர், எந்த டிப்போ என்பது வேண்டாம். அங்கே இருக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி ஒன்பதே காலுக்கு ஒரு டவுன் பஸ், எங்கள் பக்கத்து ஆறேழு கிராமத்துக்கு அதுதான் கடைசி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு எதிரே, தலையில் காலிக் கூடையோடு ஒரு பூக்காரப் பாட்டி.

"தம்பி, நம்ம வண்டி வரலியா?"

"இன்னைக்கு இல்ல ஆயா. பிரேக் டவுன்."

"நேத்தும் அதான சொன்ன?"

"நேத்து டிரைவர் இல்ல. இன்னைக்குத்தான் பிரேக் டவுன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஒரு நாள் ஆள் இருக்காது, மறுநாள் வண்டி இருக்காது, அதற்கு மறுநாள் வண்டியைத் திருவிழா ஸ்பெஷலுக்கு அனுப்பியிருப்பார்கள். கட்டாகிற நடை மட்டும் எப்போதும் இதே ஒன்பதே கால்தான். பாட்டி, ஜவுளிக் கடையில் வேலை முடித்த இரண்டு பெண்கள், ஒரு கொத்தனார் எல்லோரும் சேர்ந்து ஷேர் ஆட்டோ பேசினார்கள். பகலெல்லாம் பெண்களுக்கு இலவசமான பிங்க் பஸ்ஸில் மிச்சம் பிடித்த காசு அந்த ஆட்டோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏன் அந்த நடையே கட்டாகிறது? டிப்போவை நடத்துகிற கிளை மேலாளரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேலிடத்திலிருந்து அவரிடம் தினமும் கேட்பது கலெக்‌ஷன் என்ன, கிலோமீட்டருக்கு வருமானம் என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பவைதான். ஒன்பதே கால் நடையில் ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், கண்டக்டர் பையில் சில நூறு ரூபாய்தான் சேரும். இருக்கிற ஒரு டிரைவரை அந்த நடைக்குப் போட்டால் காலையில் கூட்டம் நிரம்பி வழிகிற வெளியூர் சர்வீஸுக்கு ஆள் இருக்காது. அவர் எடுத்த முடிவு அவருடைய கணக்குக்குச் சரி. எட்டுக் கழகத்தையும் நாளைக்கே ஒன்றாக்குங்கள், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதைத்தான் வெட்டுவார்கள்.

அப்படியானால் தனியார்? 1997-ல் மினி பஸ் கொண்டுவந்தார்களே, தனியார்தான் ஓட்டினார்கள். பெரிய பஸ் நுழையாத குக்கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது திட்டம். பலர் நாளடைவில் கூட்டம் இருக்கிற மெயின் ரோட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள், பலர் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினார்கள். 2025-ல் அரசு மறுபடி புது மினி பஸ் திட்டம் போட வேண்டி வந்தது. முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் தர்மத்துக்கு பஸ் விடவில்லை. லாபம் வராத தடத்தில் காசு கொடுக்காமல் யாரையும் ஓட வைக்க முடியாது, அரசுக் கழகத்தையும் சேர்த்துத்தான்.

இதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஜி.சி.சி. என்கிற மொத்தச் செலவு ஒப்பந்த முறை. பஸ்ஸும் டிரைவரும் பராமரிப்பும் கம்பெனியுடையது. கண்டக்டர், வழித்தடம், நேரம், டிக்கெட் பணம் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். பஸ்ஸில் நாலு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் அதே தொகை. இந்த முறையில் குறைந்தபட்சக் கிலோமீட்டருக்கு உத்தரவாதமும் உண்டு, ஓட்டாத நடைக்கு அபராதமும் உண்டு. இன்னும் ஒன்று கேளுங்கள். இப்படி மின்சார பஸ் ஓட்டும் கம்பெனிகளுக்குக் கழகம் பாக்கி வைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றிய அரசு 2024-ல் 3,435 கோடி ரூபாய்க்கு ஒரு பாதுகாப்புத் திட்டமே போட்டது. கழகம் கொடுக்கத் தவறினால் அந்த நிதியிலிருந்து கம்பெனிக்குப் பணம் போய்விடும், பிறகு மாநிலத்திடம் வசூலித்துக்கொள்வார்கள். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரின் அகவிலைப்படிக்கு இப்படி ஒரு நிதி இருந்ததா?

மின்சார பஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாழ்தளம், சத்தமில்லை, புகையில்லை, வயதானவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை. நல்ல வண்டி. என் கேள்வி ஒன்றுதான். வெளிக் கம்பெனியோடு போடத் தெரிந்த அதே ஒப்பந்தத்தை அரசு ஏன் தன் சொந்தக் கழகத்தோடு போடக் கூடாது? இந்த டிப்போ இந்தத் தடத்தில் இத்தனை நடை ஓட்ட வேண்டும், கிலோமீட்டருக்கு இவ்வளவு, மாதம் இந்தத் தேதியில் பணம், ஓட்டாவிட்டால் பிடித்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்போது ஒன்பதே கால் நடையை வெட்டினால் கிளை மேலாளருக்கு நஷ்டம், ஓட்டினால் வரவு. கட்டணம் ஏற்றுவதும் ஏற்றாததும் இலவசம் கொடுப்பதும் கோட்டையின் வேலை, அதன் பாரமும் கோட்டையோடு நிற்கும். சும்மா பணம் கொடுத்தால் கழகம் சோம்பேறியாகிவிடும் என்பார்கள். இப்போது வருடக் கடைசியில் கடன், மானியம், முன்பணம் என்று கைக்கு வந்தபடி கொடுப்பதுதான் சும்மா கொடுப்பது. அதில் எந்த நடைக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கழகங்களை இணைத்தே ஆக வேண்டும் என்றால் டைம் டேபிளை இணையுங்கள், அதற்கு எம்.டி. நாற்காலியைத் தொட வேண்டியதே இல்லை. சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து கும்பகோணத்துக்கு விரைவுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம் கழகம் என்று இரண்டு பேரும் ஓட்டுகிறார்கள். சில நேரம் இரண்டு பஸ் பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு கிளம்பும். அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேருடைய நேரத்தையும் பிரித்துப் போட்டாலே ஒரு பஸ்கூட வாங்காமல் பயணிக்குக் கூடுதல் பஸ் வந்தது போல இருக்கும்.

ஒப்பந்தத்துக்கெல்லாம் நாளாகும், தெரியும். சட்டசபையில் போக்குவரத்துத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை வருவதற்குள் முடிகிற ஒரு வேலையை மட்டும் கேட்கிறேன். டிக்கெட் மெஷினில் எல்லா நடையும் பதிவாகிறது, தகவல் கழகத்திடமே இருக்கிறது. டிப்போ வாரியாக, தடம் வாரியாக, அட்டவணையில் இருந்த நடை எத்தனை, ஓடியது எத்தனை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கட்டானது எத்தனை என்று மாதாமாதம் வெளியிடட்டும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டட்டும். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இந்தப் பதிவைப் பார்க்கிறவராக இருந்தால் டேக் செய்யுங்கள்.