பக்கம் கிழிக்கிற பிள்ளைகள்

நேர்காணலில் 'உங்கள் குறை என்ன?' என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 'நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட்.' எதிலும் துளிக் குறைகூட இருக்கக் கூடாது என்று நினைப்பவன் என்று அர்த்தம். குறை சொல்கிற சாக்கில் ஒரு தற்பெருமை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பல வருடம் கணக்குப் பாடம் நடத்தியபின், அந்தச் சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் பயம் வருகிறது.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவி, அடித்தல் திருத்தல் வந்தால் பக்கத்தையே கிழித்துவிடுவாள். நோட்டு மாதாமாதம் மெலிந்துகொண்டே போகும். தேர்வில் முதல் சில கேள்விகளுக்கு அச்சடித்த மாதிரி விடை இருக்கும், கடைசி இரண்டைத் தொட்டிருக்கவே மாட்டாள். தெரியாதா என்றால் தெரியும், நேரம்தான் போதவில்லை. அதே வகுப்பில் ஒரு பையன். அவனுக்கும் எல்லாம் சரியாக வர வேண்டும்தான். ஆனால் தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே மறுபடி போடுவான். தாள் பார்க்கக் கண்றாவியாக இருக்கும், மதிப்பெண் அவனுக்குத்தான் அதிகம்.

குறையே கூடாது என்கிற இந்தக் குணத்தை உளவியலாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். தனக்கென்று உயர்ந்த அளவுகோல் வைத்துக்கொள்வது ஒன்று, தப்பு நேர்ந்துவிடுமோ என்று நடுங்குவது இன்னொன்று. முன்னது படிப்புக்கு ஓரளவு கைகொடுக்கிறது. பின்னது பதற்றத்தைத்தான் வளர்க்கிறது. 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் எடுத்த தரவுகளைத் தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அதிகமாக ஏறியிருந்தது 'மற்றவர்கள் என்னிடம் குறையே இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறார்கள்' என்ற எண்ணம்தான். 96 வாங்கி வந்த பிள்ளையிடம் 'மீதி நாலு எங்கே?' என்று விளையாட்டாகக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன சொல்வோம்? 'உன்னால் முடியும், தன்னம்பிக்கையோடு இரு.' நானும் அதைத்தான் சொன்னேன், பலமுறை. ஒரு பலனும் இல்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதைப் பிற்பாடு படித்தபோதுதான் காரணம் புரிந்தது. 'நான் கெட்டிக்காரி' என்ற பொதுவான எண்ணத்தை அவர் பேசவில்லை. 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற குறிப்பான நம்பிக்கையைப் பேசுகிறார். அது நாலு வழியில் வருகிறதாம்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் ஊக்கச் சொல் அவ்வளவு நாள் நிற்பதில்லை.

பக்கம் கிழிக்கிற என் மாணவியின் சிக்கலே அந்த முதல் வழியில்தான். 'செய்து முடித்தேன்' என்று அவள் கணக்கில் எதுவும் சேர்வதில்லை. முடித்ததைக் கிழித்துவிடுகிறாள், கிழிக்காததைத் தோல்வி என்று எழுதிக்கொள்கிறாள். நம்பிக்கை எங்கிருந்து வரும்? போதாததற்கு, அவளுடைய நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டி 'எவ்வளவு சுத்தம் பாருங்கள்' என்று பாராட்டியவன் நான்தான். என் பங்கும் இதில் இருக்கிறது.

பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்குக் கழித்தல் கணக்குகள், மொத்தம் 42 பக்கம், ஏழு அமர்வு. ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் கடைசிக்குள் 42 பக்கமும் முடியட்டும் என்றார்கள். வேலை ஒன்றுதான். ஆறாறு பக்கமாகப் போன குழந்தைகளுக்கே திறமையும் நம்பிக்கையும் கூடுதலாக வளர்ந்தன.

அதைப் பார்த்துத்தான் நானும் ஒரு ஏற்பாடு செய்தேன். பேனாவால் மட்டும் எழுத வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது. ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம், மணி அடித்தால் எந்த வரியில் இருந்தாலும் அடுத்த கேள்வி. முதல் வாரம் அழுதாள். கொடுமைக்காரன் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

போன தேர்வு முடிந்து வெளியே வந்தவள், ஒரு விடையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனதாகச் சொன்னாள். "கை பரபரன்னு இருந்துச்சு சார். ஆனா கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்."