கினோசாகிக்கு நண்டுக் காலத்தில் மட்டும்தான் போகவேண்டுமா?
ஜப்பானின் வெந்நீரூற்று ஊரான கினோசாகிக்கு, நண்டு கிடைக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை போனால்தான் பலன் என்று இந்தப் பயணக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் போனது ஜூனில். விடுதியில் தரும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு, மரச்செருப்போடு ஆற்றோரமாக ஒரு பொது வெந்நீர்க் குளியல் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் சுகம் அந்த மாதத்திலும் குறையவில்லை. உடம்பில் பச்சை குத்தியவர்களையும் அங்கே உள்ளே விடுகிறார்கள், ஜப்பானில் பல இடங்களில் விடமாட்டார்கள். கட்டுரை அடியோடு விட்டுவிட்டது நாரைகளை! கினோசாகி அடங்கிய டொயோகா நகரில்தான் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை 1971-ல் இறந்தது. கூண்டில் வளர்த்துப் பெருக்கிய பறவைகளை 2005-ல் அங்கேயே பறக்கவிட்டார்கள். அவற்றுக்கு இரை வேண்டுமே? அதனால் விவசாயிகள் பலர் பூச்சிமருந்தைக் குறைத்தார்கள், சிலர் அறவே விட்டார்கள். தலைப்பிரட்டை தவளையாகும் வரை வயல் தண்ணீரை வடிப்பதில்லை. அந்த அரிசி நாரையின் பெயரிலேயே விற்கிறது. வெறும் ஊறுகாயோடு அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன், அவ்வளவு ருசி. வயலில் நாரை மேய்வதைச் சாலையில் நின்றே பார்த்தோம். கினோசாகியில் சைவர்கள் பட்டினிதான் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். கவனம் தேவை என்பது சரி, பக்கத்து ஊரான இசுஷியில் சின்னத் தட்டுகளில் தரும் சோபா என்ற நூடுல்ஸுக்குக்கூடத் தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே மீன் சாறும் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். எங்கள் விடுதியில் டோஃபு, காளான், மலைக்கீரை என்று தனியாகவே சமைத்துக் கொடுத்தார்கள்.