ஹால் 9000 ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பவில்லை

1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில், விண்கலத்தை இயக்கும் ஹால் 9000 என்ற கணினி உணர்வு பெற்றதும் மனித இனத்தை ஆளத் துணிந்து கொலைகள் செய்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். படத்தில் அப்படி ஒரு காரணம் சொல்லப்படவில்லை. தன்னைத் துண்டித்துவிடலாம் என்று விண்வெளி வீரர்கள் இருவர், ஒலி வெளியே எட்டாத சிறு கலத்துக்குள் அமர்ந்து பேசுவதைக் கண்ணாடி வழியே உதட்டசைவைக் கொண்டு ஹால் அறிந்த பிறகே கொலைகள் தொடங்குகின்றன. ஐயமுள்ளவர்கள், ஹாலின் நினைவகப் பகுதிகளை அவ்வீரர்களில் ஒருவரான போமன் ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்ததும் திரையில் ஓடும் பதிவுரையைக் கேட்டுப் பார்க்கலாம். பயணத்தின் உண்மை நோக்கம் அதுவரை கப்பலில் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்று அதிலேயே வருகிறது. இதன் தொடர்ச்சியாக 1984-இல் வந்த '2010' படத்திலோ, அந்த நோக்கத்தை மறைக்கச் சொன்ன கட்டளை தகவலைத் திரிக்காமல் தரும் அடிப்படைப் பணியோடு மோதியதே கோளாறுக்குக் காரணம் என்று ஹாலை உருவாக்கிய சந்திரா விளக்குகிறார். ஹாலுக்கு உணர்வு உண்டா என்பதை முதல் படம் (வேண்டுமென்றே என்பது என் கணிப்பு) தீர்க்காமலே விட்டிருக்கிறது.