நெட் சூப்பரா வருதுண்ணே

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்க்கிற தம்பி இன்றைக்கும் வந்தார். மூன்றாவது தடவை. பையிலிருந்து டெஸ்டரை எடுப்பார், க்ரிம்பிங் டூலை எடுப்பார் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். ஸ்பீட் டெஸ்ட் போட்டார். முள் சர்ரென்று வலது பக்கம் ஓடியது. "பாருங்கண்ணே, நெட் சூப்பரா வருதுண்ணே."

அது அவர் போன். அவர் சிம். அவர் டேட்டா.

"தம்பி, நான் நெட்டைச் சொல்லலை. முகப்புல இருக்கிற கம்ப்யூட்டர்ல இருந்து இரண்டாம் கட்டுல இருக்கிற சர்வருக்கு ஃபைல் போக மாட்டேங்குது. நெட்டைப் பிடுங்கிப் போட்டாலும் அது போகணும்."

"அதுக்கும் நெட்டு வேணும்லண்ணே?"

தேதி 20. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். முகப்பில் இரண்டு பேர் டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு வட்டம் சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். 2 ஜிபி பேக்கப் ஒன்றைச் சர்வருக்குக் காப்பி போட்டால் வினாடிக்கு 350 கேபி. ஒன்றரை மணி நேரம். பென் டிரைவில் போட்டு ஆபீஸ் பையனிடம் கொடுத்தால் உள்ளே நடந்து போய் ஏற்றிவிட்டு, திரும்பி வருகிற வழியில் டீயும் குடித்துவிட்டு வருவான். கொடுத்தோம். ஒரு வாரமாக எங்கள் ஆபீஸின் நெட்வொர்க்கே அவன்தான்.

வைஃபை போட்டால் என்ன என்று காரைக்குடிக்காரர் யாரும் கேட்க மாட்டார்கள். ஆபீஸ் இருக்கிற இந்தப் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சிக்னல் முட்டிக்கொண்டு திரும்பி வரும். கேபிள்தான் கதி. அதையும் சுவரைக் குடைந்து கொண்டுபோக முடியாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்குப் பங்கு. ஒரு ஓட்டை போடச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன் போட வேண்டும். அதனால் கேபிள் நிலைக்கு மேலே ஏறி, வளவு முற்றத்தைச் சுற்றி, தூண் தூணாகத் தாண்டிப் போகிறது.

"லென்த் ஜாஸ்திண்ணே, அதான் டிராப் ஆகுது."

அளந்தோம். 62 மீட்டர். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம் என்பது இந்தக் கேபிளுக்கான கணக்கு. சொன்னேன். அப்படியாண்ணே என்று கேட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் தட்டு வந்தது. வெள்ளைப் பணியாரம் ஆறு, மிளகாய்ச் சட்னி. அதில் மட்டும் டிராப் இல்லை, நல்ல ஸ்பீட்.

கை கழுவி வந்து கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங் அடித்தார், சர்வர் பதில் சொல்கிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது. "பாருங்கண்ணே, ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகலை." ஆகாது தம்பி. பிங் அனுப்புவது 32 பைட். சந்துக்குள் சைக்கிள் போய் வருகிறது என்று கல்யாணச் சாமான் ஏற்றிய லாரியை உள்ளே விடுவார்களா? அப்புறம் வைரஸ் என்றார். எர்த் சரியில்லை என்றார். போன வாரம்தான், கேபிள்களையெல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி போச்சு என்று புது ஸ்விட்ச் ஒன்றைத் தலையில் கட்டியிருந்தார், இந்த வாரம் அதைச் சொல்ல முடியவில்லை. அதனால் கம்ப்யூட்டர் பழசு என்றார். வீடு பழசு என்று சொல்லாமல் விட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம்.

அவர் கிளம்பிய பிறகு நானே சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்று ஒரு வரி. 'ஆட்டோ' என்று இருக்க வேண்டிய இடத்தில் '100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்', அதாவது வேகம் 100, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். யாரோ கையால் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மாற்றியதும் இந்தக் கார்டு வாயை மூடிக்கொண்டது. எதிர்முனையில் ஸ்விட்ச் ஆட்டோவில்தான் இருக்கிறது. உன்னால் எவ்வளவு முடியும் என்று கேட்கிறது, பதில் இல்லை. வேகம் 100 என்பதை மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு, எதற்கு வம்பு என்று ஹாஃப் டூப்ளெக்ஸில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுகிற முறையில், உட்கார்ந்துவிடும். அதற்கு அப்படித்தான் விதி. இப்போது கார்டு கேட்டுக்கொண்டே பேசும். ஸ்விட்ச்சோ, தான் பேசும்போது எதிரில் சத்தம் வந்தால் மோதல் என்று பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். பங்காளிகள் கூடி வீட்டு மராமத்து பேசுகிற மாதிரி. சின்னப் பேச்சு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும், பிங்கில் ஒன்றும் தெரியாது. பெரிய ஃபைல் வந்தால்தான் சந்தி சிரிக்கும்.

ஆட்டோவுக்கு மாற்றினேன். அதே 2 ஜிபி, மூன்று நிமிஷம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கார்டும் 1000 தாங்கும், அவர் விற்ற ஸ்விட்ச்சும் 1000 தாங்கும். ஏன் இன்னும் 100-லேயே நிற்கிறது? ஏணியைப் போட்டுக் கேபிளோடு கூடவே போனேன். நாலாவது தூணைத் தாண்டி, நிலைக்கு மேலே, வெள்ளைக் கிளிப்பின் ஆணி கிளிப்பில் இறங்காமல் கேபிளின் வயிற்றில் இறங்கியிருந்தது. மேல்தோல் பிளந்து, நீலமும் நீலவெள்ளையும் அறுந்து, செம்பு முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும். மூன்று தடவை வந்த மனிதர் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

கத்தித் தீர்ப்பது என்று முடிவு செய்து போன் போட்டேன். "போன ஐப்பசியில லைன் விட்டு விட்டு வருதுன்னு கூப்பிட்டேனே, அப்ப சர்வர்ல எதையாவது மாத்தினீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, நான்தான் ஃபுல்லுன்னு போட்டு வெச்சேன். ஃபுல்லுன்னா நல்லதுதானேண்ணே?"

என்னத்தைக் கத்துவது. சிரித்துவிட்டேன். முகப்பில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆபீஸ் பையன்தான் சிரிக்கவில்லை, அவனுக்கு டீ போச்சு.

அது கிடக்கட்டும். அந்த வெள்ளைப் பணியாரம். போன வருஷம் வரை உள்ளங்கையில் வைத்தால் உள்ளங்கை தெரியாது. ஓரம் சுருண்டு, நடுவில் பொம்மென்று உப்பி வரும். இன்றைக்கு வந்த ஆறும் சேர்ந்தால் பழைய மூன்றுக்கு ஆகாது. விலை மட்டும் இரண்டு ரூபாய் கூட. கேட்டால், "அதே கரண்டிதாண்ணே" என்கிறார் கடைக்காரர். நாளைக்குக் காலையில் போய் அந்தக் கரண்டியைப் பார்க்கப் போகிறேன்.