குட்டையில் மிச்சமிருந்த தண்ணீர்

2021 ஜூன் முதல் வாரம். நானும் நண்பர் ஒருவரும் ஹென்றி கோ என்ற மலைக்காட்டுப் பூங்காவில் ஓர் இரவு தங்கப் போனோம். கலிஃபோர்னியாவில், சான் ஹோசேக்குத் தெற்கே மார்கன் ஹில்லிலிருந்து மேலேறும் சாலை. வழியில் ஆண்டர்சன் நீர்த்தேக்கம். நிலநடுக்கம் வந்தால் அணை தாங்காது என்று 2020 அக்டோபரிலேயே தண்ணீரை வடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் மழையும் பொய்த்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தால் ஏரியில் வெறும் மண்.

அதைப் பார்த்த பிறகும் ஆளுக்கு மூன்று லிட்டர்தான் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வரைபடத்தில் ஓடை இருக்கிறது, கையில் ஃபில்டர் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற நம்பிக்கை. நாங்கள் தங்கவிருந்த பாவர்ட்டி ஃபிளாட் என்ற ஓடையோர முகாமிடம் வரை ஒரே இறக்கம். போய்ச் சேர்வதற்குள் பாதித் தண்ணீர் காலி. ஓடையில் ஓட்டமே இல்லை. வெள்ளைக் கூழாங்கற்களுக்கு நடுவில் ஒரே ஒரு குட்டை, ஓரமெல்லாம் பச்சைப் படலம்.

நண்பர் ஃபில்டரை வெளியே எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அது நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதன் நஞ்சு நாம் கொண்டுபோகும் ஃபில்டரில் நிற்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் நான் தடுத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. கரை ஈரத்தில் மான் குளம்பும் பன்றிக் குளம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. நமக்குத் தண்ணீர் தீர்ந்தால் மேலே ஏறி காரில் போய்விடலாம். அவற்றுக்கு அந்தக் குட்டையை விட்டால் எத்தனை மைல் நடக்க வேண்டுமோ.

வறட்சிக் காலத்தில் காட்டுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. காய்ந்த காட்டையும் நாம் பார்க்க வேண்டும். ஆனால் குடிக்க, சமைக்க, திரும்பி ஏற என முழுத் தண்ணீரையும் வீட்டிலிருந்தே சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அந்தக் கனத்தைத் தூக்க முடியாவிட்டால் அந்த மாதம் போக வேண்டாம். கிளம்பும் முன் எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது என்று ரேஞ்சரிடம் கேட்டுவிடுங்கள், நாங்கள் கேட்கவில்லை.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவின் உட்பகுதியில் விறகு மூட்டவே அனுமதி இல்லை. 2007இல் அங்கே 47,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. யாரோ பீப்பாயில் காகிதத் தட்டு எரித்ததில் கிளம்பிய தீ. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரைக் காட்டுத்தீயில் இழந்தோம்! காய்ந்த புல்லில் தீ எப்படி ஓடும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அன்றிரவு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சப்பாத்தியும் ஊறுகாயும் தின்றோம். இருந்ததை மிடறு மிடறாகப் பகிர்ந்துகொண்டு, விடியுமுன் நாலரைக்கே ஏறத் தொடங்கினோம். கிளம்பும்போது ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் குட்டையின் அந்தக் கரையில் இரண்டு கண்கள் மின்னின. விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது.